அறுபது நாள் அப்பா

பட்டாளத்தில் இருப்பவனுக்கு வருஷத்தில் அறுபது நாள் லீவு. அந்த அறுபது நாளும் எங்கள் வீட்டில் பண்டிகைதான். திருப்பாதிரிப்புலியூர் ஸ்டேஷனில் நான் பெட்டியோடு இறங்கும்போது மனைவி, மகள், மனைவியின் தம்பி மூன்று பேரும் பிளாட்பாரத்தில் நிற்பார்கள். வீட்டுக்குப் போனதும் வஞ்சிரம் வறுவல். மறுநாள் ஆட்டுக்கறி. அதற்கு மறுநாளிலிருந்து சொந்தக்காரர்கள் வர ஆரம்பிப்பார்கள். என்னைப் பார்க்கத்தான் வருகிறார்கள் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். நான் கொண்டுவந்த மிலிட்டரி கேன்டீன் ரம் பாட்டில்கள் தீர்ந்த அன்றைக்கு அவர்கள் வருகையும் நின்றுவிடும்.

மகள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது ஒரு விளையாட்டு வைத்திருந்தாள். நான் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தால் சத்தம் போடாமல் பின்னால் வந்து இரண்டு கையாலும் என் கண்ணைப் பொத்துவாள். "யாரு சொல்லு?" என்பாள். நான் பால்காரர் என்பேன், கரண்ட் பில் எடுக்கிறவர் என்பேன், கலெக்டர் என்பேன். ஒவ்வொரு தப்பான பதிலுக்கும் அவள் சிரிக்கிற சிரிப்பில் கை வழுக்கிவிடும். பத்து பதினொரு வயது வரைக்கும் ஒவ்வொரு லீவிலும் இது நடந்தது.

அவளை நான் ஒரு தடவைகூடத் திட்டியதில்லை. பரீட்சைக்குப் படி என்று சொன்னதில்லை. காய்ச்சல் வந்தபோது ராத்திரி பகலாகத் தூக்கி வைத்துக்கொண்டதும் இல்லை. அதெல்லாம் மீதி முந்நூற்றுச் சொச்சம் நாளில் நடக்கிற காரியம். அதை மனைவியும் மச்சானும் பார்த்துக்கொண்டார்கள். நான் வந்தால் பீச், ஐஸ்கிரீம், புதுத் துணி. தெருவில் எல்லோரும் "அப்பா மேல உசுரு அதுக்கு" என்பார்கள். எனக்குப் பெருமை தாங்காது. அறுபது நாள் நல்லவனாக இருப்பது ஒரு பெரிய வித்தையே இல்லை என்று அப்போது எனக்குத் தெரியாது.

இனி சொல்லப்போவதை இதுவரைக்கும் வீட்டில் முழுசாகச் சொன்னதில்லை. ஆனால் அதைச் சொல்லாமல் மீதியைச் சொன்னால் என்னை வெறும் மிருகம் என்று நினைத்துக்கொள்வீர்கள். நினைத்தாலும் தப்பில்லை.

மகளுக்குப் பன்னிரண்டு வயது இருக்கும்போது நான் காஷ்மீரில் இருந்தேன். ஆப்பிள் தோட்டங்களுக்கு நடுவில் ஒரு கிராமம். ஆயுதத்தோடு இரண்டு பேர் வந்து தங்கியிருப்பதாகத் தகவல் வந்தது. ஊரைச் சுற்றி வளைத்துவிட்டு இரண்டிரண்டு பேராக வீடு வீடாகச் சோதனை போட்டோம். என் ஜோடி தேனிப் பக்கத்துப் பையன். கல்யாணமாகி ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. எங்களுக்குக் கிடைத்த ஐந்தாவது வீட்டின் கீழே மாட்டுக்கொட்டகை, மேலே வைக்கோல் அடுக்கிய பரண். பரணைப் பார்க்கிற வேலை என்னுடையது. துப்பாக்கி முனையால் நாலு இடத்தில் குத்திப் பார்த்துவிட்டு "கிளியர்" என்றேன். ஐந்தாவது இடத்தில் குத்தவில்லை. பசி, களைப்பு, பிற்பகல் மூன்று மணி. வேறு காரணம் எதுவும் கிடையாது.

நாங்கள் வாசலைப் பார்த்துத் திரும்பினோம். பரணில் வைக்கோலுக்குள் ஒளிந்திருந்தவன் முதலில் சுட்டது என் ஜோடியை. அடுத்த நொடி என் முதுகின்மேல் குதித்து, ஒரு கையால் என் கண்ணையும் மூக்கையும் சேர்த்துப் பொத்தினான். மறு கையில் கத்தி இருந்தது. என் உடம்பு என்னைக் கேட்காமல் வேலை செய்தது. அந்தக் கையைப் பிடித்துத் தோளுக்குமேல் இழுத்துத் தரையில் அடித்தேன். நெஞ்சில் முட்டியை ஊன்றினேன். அதற்குப் பிறகு செய்ததை எழுதமாட்டேன். அவன் எழுந்திருக்கவில்லை.

இதற்கு எனக்குப் பாராட்டுப் பத்திரம் கொடுத்தார்கள். வரிசையாக நிற்க வைத்துக் கைதட்டினார்கள். நான் "கிளியர்" என்று சொன்னதை யாரிடமும் சொல்லவில்லை. தேனிப் பையனின் மனைவி போனில் "கடைசியா ஏதாச்சும் சொன்னாருங்களா அண்ணே?" என்று கேட்டாள். உன் பேரைச் சொன்னான் என்றேன். சொல்வதற்கு அவனுக்கு நேரமே கிடைக்கவில்லை என்பதை அவளிடம் எப்படிச் சொல்வது? அந்தப் பத்திரத்தை மனைவி லேமினேட் போட்டு ஹாலில் மாட்டினாள். அதற்குக் கீழேதான் நாங்கள் சாப்பிடுவோம்.

கடைசி மூன்று வருஷம் பயிற்சி மையத்தில் புதுப் பையன்களுக்குப் பாடம் எடுக்கும் வேலை. அங்கே நிம்மதியாகத்தான் இருந்தேன். எல்லாவற்றுக்கும் மணி அடிப்பார்கள், எல்லாவற்றுக்கும் வரிசை இருக்கும், யாரும் பின்னால் வந்து நிற்கமாட்டார்கள். பட்டாளத்திலிருந்து ரிலீஸ் ஆகும் முன் மெடிக்கல் போர்டில் டாக்டர் கேட்டார், தூக்கம் வருதா? வருது சார். கோபம் ஜாஸ்தியா வருதா? இல்ல சார். பழைய ஞாபகம் தொந்தரவு பண்ணுதா? நோ சார். எனக்கு முன்னால் போனவன் அத்தனைக்கும் நோ சொல்லியிருந்தான், எனக்குப் பின்னால் நின்றவனும் அதையேதான் சொல்லப்போகிறான். எஸ் சொல்கிறவனைப் பற்றி வெளியே என்ன பேசுவார்கள் என்று எனக்குத் தெரியும். நானே பேசியிருக்கிறேன்.

இருபத்து மூன்று வருஷ சர்வீஸை முடித்துவிட்டு, ஒரு ஏப்ரல் மாதக் கடைசியில் ஊருக்கு வந்தேன். மகளுக்குப் பதினாறு வயது. அவள் கண்ணைப் பொத்துவதையெல்லாம் எப்போதோ விட்டிருந்தாள். முதல் அறுபது நாள் வழக்கம்போலப் பண்டிகை.

ஐம்பத்தைந்தாவது நாள் இருக்கும். மார்க்கெட்டுக்குப் போய்விட்டு வந்தேன். வீடு முழுக்க எண்ணெய் வாசனை. அடுப்பங்கரையில் முறுக்கு மாவு பிசைந்திருந்தது, ஒரு ஈடு சுட்டு எடுத்தாகிவிட்டது. பக்கத்தில் மனைவி பருப்புப்பொடி இடித்து ஆற வைத்திருந்தாள். இரண்டு தகர டப்பாக்களைக் கழுவி வெயிலில் கவிழ்த்திருந்தாள். ஒவ்வொரு வருஷமும் நான் லீவு முடிந்து கிளம்பும்போது கட்டிக் கொடுப்பதெல்லாம் அங்கே இருந்தது.

"யாருக்குடி இதெல்லாம்?" என்றேன்.

கரண்டியோடு திரும்பியவள் என்னைப் பார்த்தாள், டப்பாவைப் பார்த்தாள். "ஐயய்யோ" என்று வாயில் கை வைத்தாள். "கை தானா செஞ்சிடுச்சுங்க. காலைலேர்ந்து எனக்குத் தோணவே இல்ல பாருங்களேன்."

மகள் ஓடி வந்து விஷயத்தைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். மச்சான் சாயங்காலம் வந்து, "அக்கா ஒன்ன டிரெயின் ஏத்தாம வுடாது மாமா" என்றான். நானும் சேர்ந்து சிரித்தேன். அந்த முறுக்கு பத்து நாளைக்கு வந்தது. அது தீர்ந்தபோது வீட்டில் இருந்த யாருக்கும் என்னை வைத்துக்கொண்டு அடுத்து என்ன செய்வதென்று தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை.

அதற்குப் பிறகு நான் செய்ததையெல்லாம் நினைத்தால் எனக்கே எரிச்சலாக இருக்கிறது. ஹாலில் சோபாவை இழுத்துச் சுவரோடு சேர்த்துப் போட்டேன். அதில் உட்கார்ந்தால் டி.வி. தெரியாது, வாசல் தெரியும். செருப்புகளைக் கால் நுழைத்ததும் ஓடுவதற்குத் தோதாக வெளிப்பக்கம் பார்த்து வரிசையாக வைக்கச் சொன்னேன். மகள் டியூஷனிலிருந்து பத்து நிமிஷம் தாமதமாக வந்தால் தெருமுனையில் போய் நின்றேன். கூடவந்த தோழிகளின் முன்னாலேயே எங்கே போனாய், யாரோடு வந்தாய், எந்த வழி என்று கேட்டேன். தெருவில் ஆட்டோ ஒன்று ரொம்ப நேரம் நின்றால் போய் டிரைவரை விசாரித்தேன். கதவை யாராவது பட்டென்று சாத்தினால் கத்தினேன்.

மனைவி முதலில் பொறுத்துக்கொண்டாள். அப்புறம் ஒருநாள் சொன்னாள். "ஏங்க, இது பேரக்ஸ் இல்ல. வூடு. மழத் தண்ணி இடுப்பளவு உள்ள வந்தப்ப நானும் எந்தம்பியுந்தான் புள்ளையத் தூக்கிக்கிட்டு மாடிக்குப் போனோம். அப்ப யாரும் வந்து செருப்ப வரிசையா வெக்கச் சொல்லல."

அவள் சொன்னதில் ஒரு சொல்கூடத் தப்பில்லை. அதனால்தான் எனக்குக் கோபம் வந்தது.

சுதந்திர தினத்துக்கு ஒரு பள்ளியில் கொடியேற்றக் கூப்பிட்டார்கள். பொன்னாடை போர்த்தினார்கள். "நாம தூங்கணும்னு இவங்க முழிச்சிருக்காங்க" என்று தலைமையாசிரியர் பேசினார். அது என்னமோ உண்மைதான், வீட்டுக்கு வந்த பிறகும் நான் முழித்துக்கொண்டுதான் இருந்தேன். பேசி முடித்ததும் ஒரு மாணவன் எழுந்து, "எத்தினி பேர சார் சுட்டீங்க?" என்றான். எல்லோரும் கைதட்டினார்கள். ஆசிரியர்களும் பதிலுக்காக ஆர்வமாகப் பார்த்தார்கள். நான் "ஜெய்ஹிந்த்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். பெண்ணாடத்துக்குப் பக்கத்தில் இருக்கும் என் அண்ணனின் கரும்புக் கொல்லைக்குள் என்னால் பத்தடி போக முடியாது. தோகை அசைந்தால் போதும், வியர்த்துவிடும். நல்லவேளை, அதைப் பற்றி யாரும் பேசச் சொல்லவில்லை.

அக்டோபரில் மகளின் பள்ளியில் பெற்றோர் கூட்டம். இந்த முறை நான் போகிறேன் என்று அடம்பிடித்துப் போனேன். வகுப்பாசிரியை என்னைப் பார்த்து, "நீங்க?" என்றார். "அப்பா மேம்" என்றாள் மகள். ஆசிரியை குழம்பிப் போய், "அப்ப எப்பவும் வர்றவரு?" என்றார். "அவரு எங்க மாமா மேம்" என்று சொல்லும்போது மகளின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. "அப்பா" என்று சொன்னபோது அது வரவில்லை. ரேங்க் கார்டைப் புரட்டினேன். ஒவ்வொரு கட்டத்திலும் மச்சானின் கையெழுத்து.

அன்று சாயங்காலம் அவன் வழக்கம்போல அவளுக்குப் பரோட்டா வாங்கிக்கொண்டு வந்தான். வாசலிலேயே நிறுத்தினேன்.

"இனிமே எம்பொண்ணு விஷயத்துல நீ தலையிடாத."

அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான். சட்டையைப் பிடித்துச் சண்டை போட்டிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். "சரி மாமா" என்று பொட்டலத்தை வாசற்படியில் வைத்துவிட்டுப் போய்விட்டான். அதற்குப் பிறகு அவன் வரவில்லை. மனைவி நாலு நாள் என்னோடு பேசவில்லை. மகள் பேசினாள். கேட்டதற்கு மட்டும் பதில், அதுவும் "சரிப்பா", "இல்லப்பா" என்று இரண்டே வார்த்தை. பயிற்சி மையத்து ரெக்ரூட்டுகள் என்னிடம் பேசுவதுபோல.

மாசி மகம் வந்தது. அன்றைக்குச் சுற்றுவட்டாரச் சாமிகளெல்லாம் தீர்த்தவாரிக்குத் தேவனாம்பட்டினம் கடற்கரைக்கு வந்துவிடும். கூட்டம் மணலே தெரியாத அளவுக்கு இருக்கும். எனக்குக் கூட்டம் ஆகாது. ஆனாலும் அன்று காலையில் நானே மச்சானுக்குப் போன் போட்டேன். "பீச்சுக்குப் போறோம், நீயும் வா" என்றேன். மன்னிப்புக் கேட்கத் தெரியாதவன் வேறு எப்படிக் கேட்பான்? அவன் எத்தனை மணிக்கு என்று கேட்டான். அப்புறம் "வரேன் மாமா" என்றான். மனைவி அன்றைக்கு மஞ்சள் புடவை கட்டிக்கொண்டு, பழைய மாதிரி என்னைக் கிண்டல் செய்துகொண்டே வந்தாள். மகள் மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தாள்.

கடற்கரையில் கவிழ்த்துப் போட்டிருந்த ஒரு படகைக் கண்டுபிடித்து அதில் முதுகைச் சாய்த்து நின்றேன். மனைவி தூரத்தில் மணலில் துண்டை விரித்திருந்தாள்.

"எப்பப் பாத்தாலும் செவுத்தத் தேடிக்கிட்டு. ஊரே குந்திக்கினு இருக்குது, ஒங்கள மட்டும் யாரு தூக்கிக்கினு போயிடப் போறாங்க? இங்க வந்து எங்களோட குந்துங்களேன்."

அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள். சரி, இன்றைக்காவது மனுஷனாக இருப்போம் என்று போய் உட்கார்ந்தேன். முதுகுக்குப் பின்னால் ஆயிரக்கணக்கில் ஜனம். மேளம், நாயனம், வெடி. வியர்வையில் சட்டை நனைந்துவிட்டது. ஆனால் உட்கார்ந்திருந்தேன். ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம். கடலைப் பார்த்துக்கொண்டு மூச்சை எண்ணிக்கொண்டிருந்தேன். பரவாயில்லையே, முடிகிறதே என்று எனக்கே சந்தோஷமாக இருந்தது. மகளும் மச்சானும் சுண்டல் வாங்கப் போயிருந்தார்கள்.

பின்னாலிருந்து இரண்டு கை வந்து என் கண்ணைப் பொத்தியது.

"யாரு சொல்லு?" என்று அவள் கேட்டாளாம். மச்சான் சொன்னான். எனக்குக் கேட்கவில்லை. எனக்கு வைக்கோல் வாசனைதான் வந்தது. கண் தெரிந்தபோது என் முட்டி அவள் நெஞ்சில் இருந்தது. ஒரு கை கழுத்தில். அவளுடைய வலதுகை திரும்பக் கூடாத பக்கம் திரும்பிக் கிடந்தது. சுண்டல் மணலில் சிதறியிருந்தது. அவள் கத்தவில்லை, கத்த மூச்சு இல்லை. கண்ணை மட்டும் அகலத் திறந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கொட்டகையில் அவனும் கடைசியில் அப்படித்தான் பார்த்தான்.

கூட்டம் என்மேல் பாய்ந்தது. பொம்பளப் புள்ளைய அடிக்கிறான் பார் என்று யார் யாரோ உதைத்தார்கள். செருப்பால் அடித்தார்கள். நான் கையைத் தூக்கவில்லை. இவ்வளவு நாளாக யாராவது அடிக்கமாட்டார்களா என்று காத்திருந்தவன் மாதிரி வாங்கிக்கொண்டேன். மச்சான் குறுக்கே விழுந்து, "வுடுங்கப்பா, அவரு அப்பாப்பா, அவரு அவளோட அப்பா" என்று அலறினான். அதைக் கேட்டதும் இன்னும் ஓங்கி அடித்தார்கள். "அப்பனாடா நீ?" என்று ஒரு வயதானவர் கேட்டார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் முதலில் கையைப் பார்த்தார். அப்புறம் கழுத்தைப் பார்த்தார். கழுத்தில் என் விரல் நாலும் தெரிந்தது. "எப்படி ஆச்சு?" என்று மகளைக் கேட்டார். மனைவி வாயைத் திறக்கும் முன் மகள் சொன்னாள்.

"படகு மேல ஏறினேன் சார். வழுக்கி வுழுந்துட்டேன். கயிறு கழுத்துல மாட்டிக்கிச்சு."

தடுமாறாமல் சொன்னாள். பதினாறு வயதில் என்னைக் காப்பாற்ற அவள் கற்றுக்கொண்ட முதல் பொய் அது. நான் வாசல் பக்கம் நின்றுகொண்டிருந்தேன். டாக்டர் என்னைத் திரும்பிப் பார்த்தார், பெருமூச்சு விட்டார், மாவுக்கட்டுப் போடச் சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

ஆனால் கடற்கரையில் யாரோ போனில் படம் பிடித்திருந்தார்கள். இரண்டு நாளில் அது எங்கள் தெரு குரூப்புக்கே வந்துவிட்டது. குடிபோதையில் மகளைத் தாக்கிய மிருகம் என்று தலைப்பு. நான் குடித்திருக்கவில்லை. குடித்திருந்தேன் என்றே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன், ஜனங்களுக்குப் புரிகிற காரணமாகவாவது இருக்கும். மகளின் வகுப்பில் எல்லோரும் பார்த்துவிட்டார்கள்.

ரொம்ப நாள் கழித்து மனைவி ஒரு விஷயம் சொன்னாள். ஏன்டி அப்படிப் பண்ணினாய், அவர் பக்கத்தில் சத்தம் போடாமல் போகக் கூடாது என்று உனக்குத் தெரியாதா என்று மகளைக் கேட்டிருக்கிறாள். மகள் சொன்னாளாம், "அப்பா அன்னிக்குத்தாம்மா எல்லா அப்பா மாதிரியும் மணல்ல குந்திக்கினு இருந்தாரு. சரியாயிட்டாருன்னு நெனச்சேன்."

மாவுக்கட்டோடு அவள் ஆறு வாரம் வீட்டில் இருந்தாள். நான் இளநீர் வாங்கி வந்து வெட்டி, டம்ளரில் ஊற்றி, மேஜைமேல் வைத்துவிட்டுத் தள்ளி நிற்பேன். நான் நகர்ந்த பிறகு எடுத்துக் குடிப்பாள். ஒரு பகலில் அவளே கூப்பிட்டாள்.

"அப்பா, ஒண்ணு சொன்னா தப்பா நெனச்சுக்க மாட்டீங்களே?"

"சொல்லும்மா."

"நீங்க லீவுல வருவீங்க இல்ல, அந்த மாதிரி வந்துட்டு வந்துட்டுப் போனா நல்லா இருக்கும்பா. அப்பல்லாம் நீங்க எவ்ளோ நல்லா இருப்பீங்க."

கோபத்தில் சொல்லியிருந்தால் நானும் கோபப்பட்டிருப்பேன். அவள் பரிவாகச் சொன்னாள். எனக்கு நல்லது சொல்கிறோம் என்று நினைத்துச் சொன்னாள். அடுப்பங்கரையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த மனைவிக்கும் அது கேட்டது. தண்ணீர்க் குழாயை மூடினாள். "அப்படியெல்லாம் பேசாதடி" என்று அவள் சொல்வாள் என்று காத்திருந்தேன். கொஞ்ச நேரம் கழித்துக் குழாயை மறுபடி திறந்தாள்.

ஒரு சின்னப் பையில் துணியை எடுத்துக்கொண்டு சிதம்பரத்துக்கு வந்துவிட்டேன். வீட்டிலிருந்து ஒரு மணி நேரப் பயணம்தான், ஆனால் வேறு ஊர். ஒரு தனியார் பெண்கள் விடுதியில் கேட் காவல் வேலை, மாடிப்படிக்குக் கீழே தங்க இடம். ஜூன் மாதம் பெட்டி படுக்கையோடு பெண்களைக் கொண்டுவந்து விடுகிற அப்பாக்கள் என்னைப் பார்த்ததும் தெம்பாகிவிடுவார்கள். "மிலிட்டரிக்காரரா? அப்பக் கவலையே இல்ல சார். ஒங்கள நம்பித்தான் வுட்டுட்டுப் போறேன்" என்று கையைப் பிடித்துக்கொள்வார்கள். நான் தலையை ஆட்டுவேன். நாற்காலியைப் போட வேண்டிய இடத்தை முதலாளி சொல்லிவிட்டார், அதற்குப் பின்னால் ஒரு சந்து. பழைய பைக் கண்ணாடி ஒன்றைக் கேட் கம்பியில் கட்டி, பின்னால் வருகிறவர்களை அதில் பார்த்துக்கொள்கிறேன்.

மாதம் ஒரு தடவை வீட்டுக்குப் போனேன். சாப்பாடு பிரமாதமாக இருந்தது. மச்சான் மறுபடி தினமும் வருகிறான் என்று தெரிந்தது. சோபா பழைய இடத்தில் இருந்தது. மகள் பள்ளிக் கதையெல்லாம் சொன்னாள், சிரித்தாள். மறுநாள் சாயங்காலம் நான் பையை எடுத்தால் யாரும் இருங்கள் என்று சொல்லமாட்டார்கள். நானும் இருக்கிறேன் என்று சொல்லமாட்டேன்.

பிளஸ் டூ முடித்ததும் அவளுக்குச் சிதம்பரத்திலேயே ஒரு கல்லூரியில் இடம் கிடைத்தது. எனக்கு ஒரு வாரம் கால் தரையில் நிற்கவில்லை. முதலாளியிடம் பேசி, எங்கள் விடுதியிலேயே ஜன்னல் உள்ள அறையாக அவளுக்குப் பார்த்து வைத்தேன். போனில் சொன்னேன்.

"வேணாம்பா" என்றாள். "டிரெயின்லயே போயிட்டு வந்துக்குறேன். ஒரு மணி நேரந்தானே."

இப்போது தினமும் திருப்பாதிரிப்புலியூரிலிருந்து பாசஞ்சர் ரயிலில் வந்து போகிறாள். செவ்வாய்க்கிழமைகளில் அவள் அம்மா எனக்கு மீன்குழம்பு கொடுத்தனுப்புவாள், அதைக் கொடுக்க விடுதிக்கு வருவாள். ஸ்டேஷனிலிருந்து வரும் குறுக்குவழி அந்தச் சந்துதான். விடுதிப் பெண்கள் எல்லோரும் அதில்தான் வருவார்கள். அவள் அதில் வருவதில்லை. மெயின் ரோடு முழுக்கச் சுற்றி, வெயிலில் நடந்து, எதிர்ச் சாரியில் இருக்கும் ஜெராக்ஸ் கடைக்கு முன்னால் வந்து நிற்பாள். அங்கிருந்தே, "அப்பா, நாந்தான்" என்று குரல் கொடுப்பாள். நான் நிமிர்ந்து பார்த்து "வாம்மா" என்று சொன்ன பிறகுதான் ரோட்டைத் தாண்டுவாள். இரண்டு கை நீளத் தூரத்தில் நின்றுகொள்வாள். டிபன் பாக்ஸை இரண்டு கையாலும் பிடித்து முன்னால் நீட்டுவாள். வலதுகை முழுசாக நீளாது, கொஞ்சம் மடங்கியே இருக்கும். நேரமாச்சுப்பா என்பாள், சிரிப்பாள், போய்விடுவாள்.

பயிற்சி மையத்தில் மூன்று வருஷம் இதைப் பாடமாக எடுத்திருக்கிறேன். காவலில் இருக்கிறவனை நெருங்குவது எப்படி? எதிரிலிருந்து வர வேண்டும். தூரத்திலேயே நின்று யாரென்று சொல்ல வேண்டும். உத்தரவு கிடைத்த பிறகுதான் கிட்டே வர வேண்டும். கை இரண்டும் அவன் கண்ணுக்குத் தெரிய வேண்டும். புதுப் பையன்கள் வாரக்கணக்கில் தப்புத் தப்பாகச் செய்வார்கள், மைதானத்தைச் சுற்றி ஓடவிட்டாலும் மறந்துபோவார்கள். என் மகளுக்கு நான் ஒரே ஒரு தடவைதான் சொல்லிக்கொடுத்தேன். இன்றுவரைக்கும் அவள் ஒரு நாள்கூடத் தப்புச் செய்ததில்லை.